முளை வரும்வரை

ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் வானம் கறுத்து, சாயங்காலம் புழுதிக் காற்று சுழன்றடித்து, கோடை மழை முதன்முறையாக ஓங்கி இறங்கும் நாள்தான் கிழங்குச் செடிகளுக்கு வருஷப் பிறப்பு. சில வருஷம் அது சித்திரையிலேயே வந்துவிடும். சில வருஷம் அக்னி நட்சத்திரம் முழுக்க வெந்து தீர்ந்து வைகாசிக் கடைசியில் வரும். அதற்கு முந்தைய மூன்று, நான்கு மாதம் தொட்டியில் மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த மாதங்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

நெசவுத் தெருவில் இந்த மழைக்கு நல்ல பெயர் கிடையாது. தெருவில் நீட்டிக் கட்டிய பாவை அவசர அவசரமாகச் சுருட்ட வேண்டும். குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஏறும். ஈரக் காற்றில் வேலை இழுக்கும், கூலி தள்ளிப்போகும். வீட்டில் ஒருவர் தறிமேட்டில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் நனைந்துகொண்டே கொல்லைக்குப் போய்த் தொட்டிகளைக் குனிந்து பார்ப்பார். நான் எழுதுவது அந்த இரண்டாமவருக்கு.

துலிப் ஆசை

முதலில் இதைப் பேசித் தீர்த்துவிடலாம். ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு மேலே, ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007இல் திறந்த துலிப் தோட்டத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, ஆன்லைனில் கிழங்கு வாங்கி நடுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். துலிப் கிழங்கு பூக்க வேண்டுமானால் 12 முதல் 16 வாரம் வரை 10 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும். ஆரணி மார்கழிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிரூட்டலாம். ஆனால் பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால் அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு தடவைதான். நம் வெயிலில் அந்தக் கிழங்கு மறுவருஷத்துக்குத் தேறாது. இவ்வளவு பாடுபட்டுப் பெறுவது சில நாள் பூ என்றால், அந்தப் பணத்துக்கு நம் மண்ணில் தானாக எழும் கிழங்குகளைத் தொட்டி தொட்டியாக வாங்கலாம் என்பது என் கட்சி.

உள்ளே என்ன நடக்கிறது

குளிர்நாட்டுக் கிழங்கு பனிக்குப் பயந்து தூங்குகிறது. நம்மூர்க் கிழங்கு வறட்சிக்கு. இலை, தண்டு எல்லாவற்றையும் கைவிட்டு, சேர்த்து வைத்த மாவுச்சத்தோடு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. தூக்கம் என்று சொல்கிறோமே தவிர, உள்ளே வேலை நின்றுவிடுவதில்லை. அடுப்படியில் பழைய வெங்காயத்தை நறுக்கும்போது நடுவில் பச்சையாக ஒரு குருத்து தெரியும் அல்லவா? அதே கதைதான். நர்சரிகளில் அமரில்லிஸ் என்று விற்கும் சிவப்பு லில்லியின் கிழங்கில், இந்தப் பங்குனியில் வெளிவரப்போகும் பூவின் மொட்டு ஒரு வருஷத்துக்கும் முன்பே உருவாகிவிட்டிருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வரப்போகும் பூ போன மழைக்காலத்து இலைகள் சம்பாதித்தது. காத்திருக்கும் மாதங்களில் நீங்கள் அதற்குச் செய்யக்கூடிய நன்மை எதுவும் இல்லை. செய்யக்கூடிய கெடுதல் நிறைய உண்டு. எரு வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, தோண்டிப் பார்ப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

எந்தக் கிழங்கை வளர்ப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மழை லில்லியிலிருந்து தொடங்குங்கள். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்றாலும் நம் வீட்டு வாசல்களில் எப்போதோ குடியேறிவிட்டது. வெள்ளை, மஞ்சள், ரோஸ் நிறங்களில் கிடைக்கும். சின்ன வெங்காயம் அளவுக் கிழங்கு. எட்டு அங்குலத் தொட்டியில் எட்டுப் பத்து கிழங்குகளை நெருக்கமாக, ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். நல்ல மழை பெய்த மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பென்சில் முனை போல மொட்டுகள் எழும். பூ ஓரிரு நாள்தான் நிற்கும். அடுத்த மழைக்கு மறுபடி வரும். குழாய்த் தண்ணீரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டிருந்தால் இலை மட்டும் தழைத்துப் பூ ஏமாற்றும். சில வாரம் காயவிட்டு, பிறகு தொட்டி முழுக்க ஊறும்படி ஒரே ஊற்றாக ஊற்றினால் மழை என்று நம்பிப் பூப்பதும் உண்டு. இந்தக் கிழங்கு விஷமுள்ளது. வெங்காயக் கூடைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

ஃபுட்பால் லில்லிக்கு இன்னும் பொறுமை வேண்டும். வருஷத்துக்கு ஒரே பூ. சரியாக மே மாதத்தை ஒட்டி, பல நேரம் இலைகூட வராத மொட்டை மண்ணிலிருந்து, அடித்தண்டில் செம்புள்ளிகளோடு ஒரு காம்பு எழும். அதன் தலையில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்து ஒரு சிவப்புப் பந்து. ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். பிறகு இலைகள் வந்து மழைக்காலம் முழுக்க நிற்கும். பூ முடிந்ததும் ஆர்வம் போய், தொட்டியை மூலையில் தள்ளுகிறவர்கள்தான் அடுத்த மே மாதம் ஏமாறுகிறவர்கள். பூ போன பிறகுதான் எரு தேவை. கிழங்கை நடும்போது கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும், புதைக்க வேண்டாம்.

சம்பங்கியைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். பூத்தபின் பக்கத்தில் குட்டிகள் விட்டுத் தாய் போய்விடும். எனவே குட்டிகள் பருக்கும்வரை தூரைக் கலைக்காதீர்கள். கதிர் வடிவில் பருத்த கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். சுண்டுவிரலைவிட ஒல்லியானது இலைதான் விடும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த பிரஜ்வல் ரகத்தில் மொட்டு லேசான இளஞ்சிவப்பு. வீட்டுக்கு அதுவே நல்லது.

இனி செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலாவது. ஈழத்தில் கார்த்திகைப் பூ. நம் மாவட்டத்தில் மலையடிவார வேலிகளிலும் புதர்களிலும் மழைக்குப் பின் தானாக ஏறியிருக்கும். அதைப் பிடுங்கி வந்து வைக்காதீர்கள். பாதிக்கு மேல் பிழைப்பதில்லை, காட்டிலும் குறைந்துபோகிறது. விதைக்காக இதை ஏக்கர் கணக்கில் பயிரிடும் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகளிடமிருந்து வரும் கிழங்கை வாங்குங்கள். விதையிலிருந்து எடுக்கும் கால்ச்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது.

கிழங்கு கலப்பை போல இரு கையாக வளைந்திருக்கும். கைநுனியில்தான் முளைக்கண் இருக்கிறது, கைக்கு ஒன்று. அது ஒடிந்தால் அந்தக் கை அவ்வளவுதான். உருளைக்கிழங்கு மாதிரி வேறு இடத்திலிருந்து முளைக்காது. ஆகவே வாங்கும்போது எடையைவிட நுனியைப் பாருங்கள். வெளுத்த, சற்றே கூரான நுனி முழுதாக இருக்க வேண்டும். பத்து அங்குலத் தொட்டியில் படுக்கை வசமாக, இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, முளைக்கண்ணுக்கு மேலே மண்ணை அழுத்தாமல் தூவுங்கள். ஆடியில் நட்டால் ஆவணி, புரட்டாசியில் பூ தொடங்கும். இலைநுனியே சுருண்டு கொழுகொம்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மூங்கில் தடி மொத்தம். காய்ந்த விளாறு, கம்பிவலை போன்ற ஒல்லியான பிடிதான் வேண்டும்.

குழந்தைகளும் ஆடும் உள்ள வீடு என்றால் காந்தளை யோசித்து வையுங்கள். வேர் முதல் விதை வரை எல்லாமே கொடிய விஷம். இலங்கையில் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று விட்டுவிடுவார்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். கிழங்கைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சாப்பிடக்கூடியதாகவும் ஒன்று வேண்டும் என்பவர்களுக்குச் சேனைக்கிழங்கு. மாசியிலிருந்து சித்திரைக்குள், அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரையுள்ள துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் நடுக்கண்ணின் ஒரு பங்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி, இரண்டடிக் குழியில் வையுங்கள். கஜேந்திரா ரகம் என்றால் நாக்கு அரிப்பு குறைவு. முளை வர ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். வந்தபின் மரத்தண்டு போல நிற்பது உண்மையில் ஒரே ஓர் இலையின் காம்பு.

தோண்டி எடுக்காமல் வருஷக்கணக்கில் விட்ட பெரிய சேனை சில சமயம் இலைக்கு முன்னால் பூவிடும். ஊதாவும் பழுப்புமாக, கையகலத்துக்கு மேல், பார்க்கப் பயங்கர அழகு. அன்று சாயங்காலம் தெருவே மூக்கைப் பிடிக்கும். செத்த எலியைத் தேடிப் பரண், சாக்கடை, தறிக்குழி வரை துழாவுவார்கள். பூ தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு அழுகல் வாடையை வீசுகிறது. அதை நம்பி வரும் வண்டுகள்தான் மகரந்தம் சுமக்க வேண்டும். ஓரிரு இரவில் நாற்றம் அடங்கிவிடும். கிழங்கு அழுகிவிட்டது என்று தோண்டி எறியாதீர்கள். பூ சாய்ந்தபின் இலை வரும்.

மண்ணும் தொட்டியும்

கிழங்குக்கு வேண்டியது தண்ணீர் நிற்காத மண். ஏரி வண்டல் தனியாகக் கூடாது, கோடையில் கல்லாக இறுகி, மழையில் களியாகும். செம்மண் இரண்டு பங்கு, கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள மாவுத்தூள் சேர்ந்து சிமெண்ட் பூசினாற்போல் ஆகிவிடும். இதோடு நம் ஊருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. ரைஸ் மில்களுக்குப் பஞ்சமில்லாததால் உமி எளிதாகக் கிடைக்கும். அதைப் பச்சையாகப் போடாமல் ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்து நைந்தபின் போடுங்கள், மண் பொலபொலப்பாக இருக்கும். புது உமியில் தப்பிய நெல் இருக்கும். அது முளைத்து, கிழங்குதான் வந்துவிட்டது என்று உங்களைத் துள்ள வைக்கும். உமிச் சாம்பல் காரத்தன்மை கொண்டது. ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று நம் ஊருக்கு மட்டும் தேவைப்படும் எச்சரிக்கை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்கும்போது, நூலின் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி அந்தத் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. பார்க்க அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருப்பதால் செடிக்கு ஊற்றலாமே என்று கை போகும். சோடாக் காரம் வேரை எரித்துவிடும். சாயத் தண்ணீரும் அப்படித்தான். சாயப்பட்டறைப் பக்கத்து வீடுகள் தரையில் நடுவதைவிடத் தொட்டியிலோ அரிசிப் பையிலோ நடுவது நல்லது. அரிசிப் பை வெயிலில் ஒரு வருஷத்தில் நைந்துபோகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தை முதல் சித்திரை வரை

மார்கழி, தையில் காந்தள் கொடி மஞ்சளாகிக் காயத் தொடங்கும். ஃபுட்பால் லில்லி இலைகள் தரையில் சாயும். சேனை ஒரே நாளில் மடங்கி விழும். பச்சை இருக்கும்வரை எதையும் வெட்டாதீர்கள், கிழங்கு கடைசிச் சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. தானாகக் காய்ந்தபின் எடுத்துவிட்டுத் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள்.

சரியாக அந்த நேரத்தில் போகி வரும். இவை செத்த செடிகள் என்று முடிவுகட்டி, வீட்டார் தொட்டியோடு குப்பையில் கொட்டுவது பெரும்பாலும் இந்த நாளில்தான். பூச்சியால், பூஞ்சையால் போன கிழங்குகளைவிடப் போகியில் போனவை அதிகம் என்று தயங்காமல் சொல்வேன். மார்கழிக் கடைசியிலேயே தொட்டிகளை ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்து, உள்ளே உயிர் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பெயர்ச்சீட்டும் அவசியம். பால்பாயிண்ட் எழுத்து ஒரு மாதத்தில் வெளிறிவிடும். குளிர்பான அலுமினிய டப்பாவைப் பட்டையாக வெட்டி ஆணியால் கீறுங்கள், வருஷக்கணக்கில் நிற்கும்.

அடுத்த எதிரி, டீத்தூளையும் கழுவிய தண்ணீரையும் காலித் தொட்டியில் கொட்டும் வழக்கம். காய்ந்து தூங்கும் கிழங்குக்கு அரைகுறை ஈரம்தான் எமன். மழைக்கு மறைவான இடம் இல்லாவிட்டால் தொட்டியைப் படுக்க வைத்துவிடுங்கள். கோழி கிளறும், எலி தோண்டும், சேனைக் குழிக்குப் பெருச்சாளி வரும். மேலே ஒரு துண்டுக் கம்பிவலையும் நான்கு செங்கலும் போதும்.

மிச்சமிருக்கும் எதிரி நீங்கள். பங்குனி வந்ததும் சந்தேகம் அரிக்கும். இருக்கிறதா, போய்விட்டதா? விரலை விட்டுத் தடவினால் ஒடிவது முளைக்கண். இதற்கு ஒரு வழி: நடும்போதே உபரிக் கிழங்கு ஒன்றைத் தனிச் சிறு தொட்டியில் போட்டு வையுங்கள். அரிப்புத் தாங்காதபோது அதைத் தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம். அது கல் போலக் கெட்டியாக இருந்தால் மற்றவையும் அநேகமாக நலம்.

“இன்னாக்கா, வெறும் மண்ண போயி தெனமும் எட்டி எட்டிப் பாக்கற?” என்று எதிர்வீட்டிலிருந்து கேட்பார்கள். கேட்கட்டும். இந்த எட்டிப்பார்ப்பில் ஒரு சுகம் இருக்கிறது. காலையில் காபி டம்ளரோடு கொல்லைப் படியில் நின்று, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே திரும்புவது. பூக்கடையில் முழம் போட்டு வாங்குகிறவருக்கு அது கிடைக்காது. ஒன்றுமில்லாத தொட்டியில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கு மட்டும் தெரியும்.

மழை விழுந்த பிறகு

முதல் மழை முடிந்த மறுநாளே எதுவும் வந்துவிடாது. முதலில் மண்தான் சொல்லும். மேலோடு ஒரு இடத்தில் மயிரிழையாகக் கீறும். அடுத்த நாள் அந்தக் கீறல் மூன்று பக்கம் விரிந்து, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மண்தட்டு தூக்கிக்கொண்டு நிற்கும். கைவைக்காதீர்கள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் தட்டுக்குக் கீழே நிழலில் முளை தெரியும். சேனை என்றால் வெளிர்ச்சதையில் கரும்பச்சைப் புள்ளி போட்ட ஈட்டி. காந்தள் என்றால் ஊதா கலந்த பச்சையில், இறுக்கிச் சுற்றிய மெல்லிய முனை. அது ஒரே வாரத்தில் ஒரு சாண் ஏறிவிடும். கொழுகொம்பை அன்றே நடுங்கள். தள்ளிப்போட்டால் கொடி பக்கத்துத் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரிக்கும்போது முறியும்.

முளை தெரிந்தபின் தண்ணீரைக் கொஞ்சமாகத் தொடங்கி, இலை விரிந்ததும் வழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எரு அதற்கும் பிறகு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஓட்டுத்தாழ்வாரத்தில் வழியும் மழைநீரை ஒரு ட்ரம்மில் பிடித்து வைத்து முதல் சில வாரம் அதையே ஊற்றுங்கள்.

எல்லாருக்கும் முன்னால் முளைத்து உங்களைக் கூப்பிடுவது கோரைதான். மூன்று பட்டையான தண்டு, பளபளப்பான இலை, இரண்டே நாளில் கட்டைவிரல் உயரம். மழை லில்லி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள், கோரை முக்கோணமாக உருளாது. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கி, சங்கிலியாகப் பெருகும். ஈர மண்ணில் ஒரு கம்பியால் ஆழத் தளர்த்தி, அடிக்கிழங்கோடு எடுங்கள். காயவைத்துப் பொடித்தால் நலங்கு மாவுக்காவது ஆகும்.

பூ வந்தபின்

காந்தள் மொட்டு தலைகுனிந்து பச்சையாகத் திறக்கும். இதழ்கள் மேல்நோக்கி மடங்கி, ஓரம் நெளிந்து, மஞ்சளாகி, பிறகு நுனியிலிருந்து அடிநோக்கிச் சிவக்கும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே சமயத்தில் நிற்கும் நாளில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சூல்தண்டு பக்கவாட்டில் செங்குத்தாக ஒடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. மூலனூர்ப் பக்கத்தில் காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள் ஆட்கள் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைத் தொட்டு வைப்பது இதனால்தான். வீட்டில் விதை தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள். காய் பிடிக்காத கொடியின் கிழங்கு நன்றாகப் பருக்கும்.

மழை லில்லித் தொட்டி இரண்டு, மூன்று வருஷத்தில் பிதுங்கும். எதிர்வீட்டார் கேட்கத் தொடங்கும் காலமும் அதுதான். தூங்கும் மாதத்தில் கவிழ்த்துப் பிரித்து, காய்ந்த மண்ணோடு நாளிதழில் மடித்துக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் கொடுத்தால் வேர்த்து அழுகும். மேலே பேனாவால் மூன்று விஷயம் எழுதுங்கள்: பூவின் நிறம், நடும் ஆழம், ‘விஷம், சமையலறையில் வைக்க வேண்டாம்’.